ஆழிக்குமரன் ஆனந்தன்: தாங்கிய உடலும் தாங்காத எல்லையும்

மாலை ஐந்து மணிக்குப் பிறகுதான் மதுரங்குளியில் பையன்கள் விளையாட வருவார்கள். அதற்கு முன் வெயில் விடாது. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, இன்னொரு பக்கம் கொழும்பு-புத்தளம் வீதியில் போகும் பஸ்களின் இரைச்சல். இடையில் கிடக்கும் மணல் நிலத்தில் நான்கு கம்புகளை ஊன்றிவிட்டால் உதைபந்தாட்ட மைதானம் தயார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இந்தக் கரைக்கு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் அங்கே விளையாடுகிறார்கள், இந்த மண்ணிலேயே தலைமுறைகளாக இருப்பவர்களின் பிள்ளைகளும் விளையாடுகிறார்கள்.

அன்றைக்கு ஒரு பையனுக்குக் கணுக்கால் புரண்டுவிட்டது. இரண்டு நிமிடம் உட்கார்ந்தான். யாரோ சித்தாலேப எடுத்து வந்து தேய்த்தார்கள். துணியால் ஒரு கட்டுப் போட்டார்கள். பிறகு எழுந்து நொண்டிக்கொண்டே மறுபடி ஆடப் போய்விட்டான். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். நானும் கை தட்டினேன். வீட்டுக்குத் திரும்பி வரும்போதுதான் எதற்காகக் கை தட்டினோம் என்ற கேள்வி எழுந்தது.

வலியைத் தாங்குபவனைக் கொண்டாடுவது எங்கள் பழக்கம். போருக்குள் வளர்ந்தவர்களுக்கு அது வெறும் பழக்கம்கூட இல்லை. தாங்கியதால்தான் பலர் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் விளையாட்டில் அதே குணம் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்பதைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. அதைப் பேச நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஆழிக்குமரன் ஆனந்தன்.

கடலோடிகளின் ஊர்

விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன் 1943 மே 25 ஆம் திகதி பிறந்தார். வல்வெட்டித்துறை தந்த பிள்ளை. அந்த ஊரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பாய்மரக் கப்பல்களைத் தாங்களே கட்டி, பர்மா வரைக்கும் ஓட்டிச் சென்ற மக்கள் வாழ்ந்த இடம். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற கப்பல் 1938 இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகம் வரை போனது. கடலைக் கடப்பது அந்த ஊருக்குப் புதிய எண்ணம் அல்ல.

படகு இல்லாமல் கடக்கலாம் என்பதை முதலில் காட்டியவர் பக்கத்து ஊரான தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி. 1954 இல் அவர் பாக்கு நீரிணையை நீந்திக் கோடிக்கரையை அடைந்தார். அப்போது ஆனந்தனுக்குப் பத்து வயது. 1966 இல் இந்தியாவின் மிகிர் சென் இலங்கையிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார்.

ஆனந்தன் 1971 இல் செய்தது அதற்கும் ஒரு படி மேலே. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அங்கிருந்து மறுபடி தலைமன்னாருக்கே நீந்தித் திரும்பினார். போக ஏறக்குறைய 30 கிலோமீற்றர், வர அதே அளவு. எடுத்த நேரம் 51 மணித்தியாலங்கள். இரண்டு இரவுகளுக்கு மேல் தண்ணீரிலேயே கழிந்த பயணம் அது. அன்றிலிருந்து அவர் பெயரோடு ஆழிக்குமரன் என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. அந்தச் சாதனையை நெருங்க அரை நூற்றாண்டு பிடித்தது. 2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படையைச் சேர்ந்த ரொஷான் அபேசுந்தர அதே பாதையை 28 மணித்தியாலங்கள் 19 நிமிடங்களில் நீந்தி முடித்தார்.

ஆனந்தன் நீந்திய அந்த நீரிணையைப் பிற்காலத்தில் எங்கள் சனம் எப்படிக் கடந்தது என்பது இதை வாசிக்கும் பலருக்கும் தெரியும். இரவோடு இரவாக, குழந்தைகளையும் பொட்டலங்களையும் சுமந்துகொண்டு, படகில். மணல் திட்டுகளில் இறக்கிவிடப்பட்டவர்கள் உண்டு. கரை சேராதவர்களும் உண்டு. ஒரு மனிதன் விளையாட்டுக்காக அதே கடலைப் போய் வந்த காலம் ஒன்று இருந்தது என்பதை நினைத்தால் இப்போது கதை போலத்தான் இருக்கிறது.

உடம்பை ஆயுதமாக்கியவர்

கடலோடு அவர் நிற்கவில்லை. கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பிடிப்பது அவருக்கு ஒரு தவம் போல ஆகிவிட்டது. 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி நிற்காமல் துவிச்சக்கரவண்டி ஓட்டினார். 187 மணித்தியாலங்கள் 28 நிமிடங்கள், அதாவது ஏழே முக்கால் நாட்களுக்கும் மேல். அடுத்த ஆண்டு மே மாதம் அதே பூங்காவின் திறந்தவெளி அரங்கில் ஒற்றைக் காலில் 33 மணித்தியாலங்கள் நின்றார். தூக்கிய காலை நிற்கும் காலின் மேல் ஊன்றக் கூடாது, கம்பு எதையும் பிடிக்கக் கூடாது என்பது விதி. 1981 இல் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் தண்ணீருக்குள் நிமிர்ந்த நிலையில் 80 மணித்தியாலங்கள் மிதந்தார். மணிக்கணக்கான ருவிஸ்ற் நடனமும் அவருடைய பட்டியலில் உண்டு.

இந்தச் சாதனைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. ஒன்றுகூட வேகத்தைப் பற்றியதல்ல. யார் அதிக நேரம் தாங்குகிறார் என்பதே கேள்வி.

விளையாட்டுக் காயம் என்றதும் நாங்கள் மோதலையும் விழுதலையும்தான் நினைக்கிறோம். எலும்பு முறிவது, தசைநார் கிழிவது, தலை அடிபடுவது. இவை ஒரு வகை. இன்னொரு வகை சத்தமே இல்லாமல் வருவது. ஒரே அசைவை ஆயிரக்கணக்கான தடவை செய்யும்போது மூட்டும் தசைநாரும் நரம்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. இரவில் உடல் அந்தத் தேய்மானத்தைச் சரிசெய்கிறது. சரிசெய்யும் வேகத்தைவிடத் தேயும் வேகம் கூடினால் அது காயமாகிறது.

நாள் கணக்கில் துவிச்சக்கரவண்டி ஓட்டுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியில் உள்ளங்கை அழுந்திக்கொண்டே இருப்பதால் சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு நசுங்கி, விரல்கள் மரத்துப்போகும். இருக்கையில் தோல் புண்ணாகும். இருக்கையின் உயரம் சற்றுப் பிழைத்தாலும் முழங்கால் வலி எடுக்கும். ஒற்றைக் காலில் நிற்பவருக்கு வேறு பிரச்சினை. கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்தால்தான் காலில் இறங்கிய இரத்தம் இதயத்துக்கு மேலேறும். அசையாமல் நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கி, மயக்கம் வரலாம். நீச்சல்காரருக்குத் தோள். ஒவ்வொரு வீச்சிலும் அதே மூட்டு, அதே தசைநார்.

எல்லாவற்றுக்கும் மேலே தூக்கம். தூங்காத உடல் மெதுவாகும். தூங்காத மூளை தவறாகக் கணக்குப் போடும். எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கும் இளம் விளையாட்டு வீரர்கள் அதிகம் காயப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. தூங்காமல் விழித்திருக்கும் சாதனையைக் கின்னஸ் நிறுவனமே பிற்காலத்தில் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. உடல்நலத்துக்குக் கேடு என்பதுதான் காரணம். ஆனந்தனின் காலத்தில் இந்தக் கேள்விகள் அதிகம் எழவில்லை. பூங்காவில் கூடிய கூட்டம் மணித்தியாலங்களைத்தான் எண்ணியது.

கால்வாய் கேட்கும் விலை

1984 இல் ஆனந்தன் ஆங்கிலக் கால்வாயை நீந்தச் சென்றார். வயது 41. கறுப்பு ஜூலை நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. நாடு இரண்டாகப் பிளந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும், சிங்களவர் தமிழர் என்றில்லாமல் எல்லோரும் பெயர் தெரிந்து வைத்திருந்த ஒரு சில தமிழ் விளையாட்டு வீரர்களில் அவர் ஒருவர். ஓகஸ்ட் 6 ஆம் திகதி, அந்தக் கால்வாயைக் கடக்கும் முயற்சியிலேயே அவர் உயிரிழந்தார்.

இங்கிலாந்தின் டோவர் கரைக்கும் பிரான்சின் கிறீ-நே முனைக்கும் இடையே கால்வாயின் அகலம் ஏறக்குறைய 33 கிலோமீற்றர்தான். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட தூரத்தைவிடச் சற்றே அதிகம். போய்த் திரும்பிய மனிதருக்கு ஒரு வழிப் பயணம் பெரிதா என்று யாருக்கும் தோன்றும். ஆனால் கால்வாயில் எதிரி தூரம் அல்ல. எங்கள் கடல் 28 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். கால்வாய் ஓகஸ்ட் மாதத்திலேயே 16 முதல் 18 பாகைதான். அங்கே நீந்துபவர்கள் உடலை மூடும் குளிர்காப்பு உடை அணியக் கூடாது என்பது விதி. சாதாரண நீச்சல் உடை மட்டும்தான். அலையும் மாறும் நீரோட்டமும் சேர்ந்தால் நேர்கோட்டில் 33 ஆக இருப்பது நீந்தும்போது இன்னும் பல கிலோமீற்றர் கூடிவிடும்.

குளிர்ந்த தண்ணீர் மனித உடலை என்ன செய்கிறது என்பது இன்று தெளிவாகத் தெரியும். தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். இறங்கிய முதல் ஓரிரு நிமிடங்களில் மூச்சு வாங்கும், இதயத் துடிப்பு எகிறும். அதைச் சமாளித்தால் அடுத்து கை கால்கள் விறைக்கத் தொடங்கும். விரல்கள் விரிந்து, தண்ணீரைப் பிடித்து இழுக்க முடியாமல் போகும். மணிக்கணக்கான பிறகு உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் மூளை மந்தமாகும். பேச்சு குழறும். நேரம், திசை, ஆள் எதுவும் பிடிபடாது.

இதில் மிகவும் ஆபத்தான இடம் ஒன்று இருக்கிறது. குளிர் முதலில் கெடுப்பது முடிவெடுக்கும் திறனைத்தான். தான் நன்றாக இருப்பதாக நீந்துபவர் நம்புவார். தொடர்ந்து நீந்தவே விரும்புவார். மன உறுதி அதிகமாக உள்ளவரே அதிக ஆபத்தில் இருக்கிறார், ஏனென்றால் உடல் அனுப்பும் எச்சரிக்கையைப் புறக்கணிக்கப் பழகியவர் அவர்தான்.

தண்ணீரிலிருந்து தூக்கியவுடனும் ஆபத்து முடிவதில்லை. சுற்றியிருந்த நீரின் அழுத்தம் போனதும் இரத்த அழுத்தம் திடீரென்று விழும். குளிர்ந்த இதயம் தடுமாறும். அதனால்தான் குளிரில் விறைத்தவரைப் படுத்த நிலையில், மெதுவாகத் தூக்க வேண்டும் என்கிறார்கள். கை காலைத் தேய்க்கக் கூடாது. சுடுநீரில் இறக்கக் கூடாது. சாராயம் கொடுக்கவே கூடாது. ஈர உடையை அகற்றி, உலர்ந்த துணியால் உடம்பைச் சுற்றி, மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். புத்தளம் கரையில் கடலுக்குப் போகிறவர்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. எங்கள் வெதுவெதுப்பான கடலிலும் இரவு முழுவதும் கிடந்தால் உடம்பு குளிர்ந்துதான் போகும்.

கால்வாயை முதன்முதலில் 1875 இல் நீந்திக் கடந்தவர் மத்தியூ வெப். எட்டு வருடங்கள் கழித்து நயாகரா நீர்வீழ்ச்சிக்குக் கீழே உள்ள சுழலை நீந்தப் போய் இறந்தார். ஆனந்தனுக்கு நான்கு வருடங்களுக்குப் பிறகு, 1988 இல், பிரேசில் வீராங்கனை ரெனாட்டா அகோந்தி கால்வாயில் இறந்தார். அவர்களில் யாரும் பலவீனமானவர்கள் அல்ல.

நிறுத்துவது யார்?

இன்று கால்வாயை நீந்த விரும்புபவர் முதலில் 16 பாகைக்கு மேற்படாத தண்ணீரில் ஆறு மணித்தியாலங்கள் நீந்திக் காட்ட வேண்டும். வைத்தியச் சான்றிதழ் வேண்டும். பதினாறு வயது நிரம்பியிருக்க வேண்டும். 1988 இல் ஓர் 11 வயதுச் சிறுவன் கடந்த பிறகு, அதற்குக் குறைந்த வயதினருக்கு வழி மூடப்பட்டது. கூடவே வரும் படகில் கண்காணிப்பாளர் ஒருவர் இருப்பார். நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்று குறித்துக்கொண்டே வருவார். எண்ணிக்கை விழுந்தால், கேள்விக்குப் பதில் குழறினால், நீந்துபவர் வேண்டாம் என்று சொன்னாலும் படகோட்டி அவரை மேலே ஏற்றலாம். இப்படி இருந்தும் மரணங்கள் முற்றாக நிற்கவில்லை. ஆனாலும் கொள்கை தெளிவாக இருக்கிறது. நிறுத்தும் அதிகாரம் போட்டியாளரிடம் மட்டும் இருக்கக் கூடாது.

குளிருக்கு மட்டும் அல்ல, சூட்டுக்கும் இது பொருந்தும். 2010 ஒக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவில் நடந்த திறந்தவெளி நீச்சல் போட்டியில் அமெரிக்க வீரர் பிரான் கிரிப்பன் மிகச் சூடான கடல்நீரில் உயிரிழந்தார். தண்ணீர் 31 பாகைக்கு மேல் போனால் போட்டி இல்லை என்ற விதி அதன் பிறகுதான் வந்தது.

எங்களுக்கு இன்னும் அருகில் ஒன்று நடந்தது. 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். ஒவ்வொரு வருடமும் தை முதல் பங்குனி வரை எங்கள் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நடக்கின்றன. பயிற்சியே இல்லாத பிள்ளைகள் இல்லத்துக்குப் புள்ளி சேர்ப்பதற்காக வீதியில் இறக்கப்படுகிறார்கள். சாப்பிடாமல் வந்த பிள்ளை ஓடும். காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆன பிள்ளை ஓடும். காய்ச்சலோடு அல்லது காய்ச்சல் விட்ட கையோடு கடுமையாக ஓடினால் இதயத் தசை பாதிக்கப்படக்கூடும் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது.

ஓடும் பிள்ளை தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், உடம்பு கொதித்தால், அது வெறும் களைப்பு அல்ல. உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டிய வெப்ப அதிர்ச்சியாக இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, கிடைக்கிற குளிர்ந்த தண்ணீரை எல்லாம் உடம்பில் ஊற்றி விசிற வேண்டும். தொட்டி இருந்தால் அதற்குள்ளேயே இறக்கலாம். வாகனம் வரும்வரை காத்திருக்காமல் அந்த இடத்திலேயே உடம்பைக் குளிர வைக்கத் தொடங்க வேண்டும். இதைத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் ஓட்டப் பாதையில் நிற்பது, பரிசளிப்பு மேடை போடுவதைவிட முக்கியம்.

அண்மைய வருடங்களில் பாடசாலை வயதுப் பிள்ளைகளும் பாக்கு நீரிணையை நீந்துகிறார்கள். ஊர் திரண்டு வரவேற்கிறது, பத்திரிகைகள் எழுதுகின்றன. நானும் மகிழ்கிறேன். அதே நேரம் ஒரு கேள்வியும் உண்டு. வளரும் எலும்பின் நுனிகள் இன்னும் இறுகாத வயதில் அந்தத் தோளுக்கு எத்தனை வருடப் பயிற்சி, எத்தனை நாள் ஓய்வு? படகில் நிறுத்தும் அதிகாரத்தோடு இருப்பவர் யார்? தகப்பனாக இருந்தால் அவரால் நிறுத்த முடியுமா?

எங்கள் மைதானங்களுக்கு

போர் எங்கள் உடல்களில் விட்டுச் சென்றவையும் மைதானத்துக்கு வருகின்றன. செயற்கைக் காலோடு கிரிக்கெட் ஆடுபவர்களை நான் சந்தித்திருக்கிறேன். காலின் துண்டிக்கப்பட்ட நுனியில் தோல் சிவந்தால் அது புண்ணாவதற்கு முன் செயற்கைக் காலைக் கழற்றி ஓய்வு கொடுக்க வேண்டும். தினமும் அந்தத் தோலைப் பார்ப்பது பயிற்சியின் ஒரு பகுதி. உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள் விளையாட்டுக் காயத்துக்காக எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு அனுப்பப்பட்டால், உள்ளே இரும்பு இருக்கிறது என்பதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பயத்தில் அதை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காந்தம் துண்டை இழுத்து நகர்த்தக்கூடும் என்பதால் மறைப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மற்றவை எளிமையானவை. ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம் மெதுவான ஓட்டம், குதித்து இறங்கும் பயிற்சி, ஒற்றைக் காலில் சமநிலை. இப்படி ஒழுங்காகச் செய்யும் உதைபந்தாட்ட அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காசு செலவில்லை. ஓடும் தூரத்தையும் எறியும் எண்ணிக்கையையும் வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் கூட்டுவது, வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. கணுக்கால் புரண்டவரால் நான்கு அடி நடக்க முடியாவிட்டால், அல்லது கணுக்கால் எலும்பை அழுத்தும்போது வலித்தால், எக்ஸ்ரே எடுக்கும்வரை ஆட்டம் இல்லை. தலையில் அடிபட்டவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் அன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது.

வல்வெட்டித்துறையில் ஆனந்தனின் பெயரில் நீச்சல் தடாகம் ஒன்று இருக்கிறது. அங்கே பிள்ளைகள் நீந்தப் பழகுகிறார்கள். ஒரு நீச்சல் வீரருக்கு அதைவிட நல்ல நினைவுச் சின்னம் இருக்க முடியாது. அவருடைய துணிவை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். 51 மணித்தியாலக் கதையைச் சொல்வோம். கூடவே 1984 இன் கதையையும் மறைக்காமல் சொல்வோம். அது அவரைச் சிறுமைப்படுத்தாது. எவ்வளவு பெரிய உடலுக்கும் ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையைப் பார்த்துச் சொல்ல இன்னொருவர் தேவை என்பதை அவர் வாழ்க்கையைவிடத் தெளிவாக எது சொல்லும்?

நான்கு நாள் கழித்து மதுரங்குளி மைதானத்துக்குப் போனேன். கணுக்கால் புரண்ட பையன் வரம்பில் உட்கார்ந்திருந்தான். கால் வீங்கியிருந்தது. தாய் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்திருந்தார். முறிவு இல்லை, மூன்று வாரம் ஓய்வு என்று சொல்லியிருக்கிறார்கள். சலிப்போடு பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று யாரும் அவனுக்குக் கை தட்டவில்லை. உண்மையில் அன்றுதான் தட்டியிருக்க வேண்டும்.